அறை வெப்பம் முப்பத்துமூன்று

சத்துவாச்சாரியில், டயர் கடைக்கு மேலே
தகரக் கூரை போட்ட ஒற்றை அறை.
மேசையில் இரண்டு பிராசஸர்கள்,
தீப்பெட்டி அளவுகூட இல்லை.

மேல்விஷாரத்து இம்தியாஸ் பாய்க்கு
இருபது கம்ப்யூட்டர் வேண்டும்,
ஷூவின் அடிப்பாகத்தைத் திரையில் வரைந்து
திருப்பித் திருப்பிப் பார்க்க.
"எது வேகம்? ஒரே ஒரு நம்பர் சொல்லுங்க" என்றார்.
சொல்லிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

முதலாவதை விடிகாலை ஆறுக்கு ஓட்டினேன்.
இரண்டாவதை,
பால் பாக்கெட், பல்வலி,
மாமியாரின் ஆஸ்பத்திரி டோக்கன்
எல்லாம் முடித்து வந்து
கத்திரி வெயில் பகல் இரண்டுக்கு.
நூற்றுக்கு ஏழு பின்தங்கியது.
பச்சையாய் ஒரு பட்டை, சிவப்பாய் ஒரு பட்டை,
படம் போட்டு அச்சும் எடுத்துவிட்டேன்.

எபனேசர் படத்தைப் பார்க்கவில்லை.
சுவரில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்தான்.
"இப்ப நாப்பத்தொண்ணு. காலைல எவ்ளோ?"
எழுதி வைக்கவில்லை.
"அப்ப நீ சிப்பை டெஸ்ட் பண்ணலப்பா.
சூரியனை டெஸ்ட் பண்ணிக்கீற."

மறுபடி தொடங்கினோம்.
ஒரே மெமரி, ஒரே டிஸ்க், ஒரே பவர் சப்ளை,
ஒரே விசிறி.
மதர்போர்டு மட்டும் ஒன்றாகாது,
இதன் கால் அதன் குழியில் இறங்காது.
அதை மறைக்காமல் குறிப்பில் எழுதினேன்.
வெப்பப் பசை கொண்டைக்கடலை அளவு.
இரண்டுக்கும் எபனேசரின் அதே கை, அதே கடலை.
சொல்லாமல் வரும் அப்டேட்டுகளை நிறுத்தினோம்.
ஒரு போர்டு, யாரும் கேட்காமலே,
விதித்த வாட்டுக்கு மேல்
ஊட்டிக்கொண்டிருந்தது தன் சிப்புக்கு,
ஹாஸ்டல் வார்டன் தனக்கு வேண்டிய பையன் தட்டில்
சோற்றுக்கடியில் வைக்கும் இரண்டாவது முட்டைபோல.
அதையும் அணைத்தோம்.

ஏசி கிடையாது.
பதினொன்றிலிருந்து இரண்டு மணிவரை
முப்பத்துமூன்றில் அசையாமல் நிற்கும் அறை,
அதுவே எங்களுக்குக் கிடைத்த நியாயம்.
ஆறு ராத்திரி:
இது, அது, அது, இது, இது, அது.
ராத்திரிக்கு நாலு ஓட்டம்.
முதல் ஓட்டத்தைச் சேர்க்கவில்லை,
டிஸ்க் அப்போதுதான் கொட்டாவி விட்டு எழுந்திருக்கும்.
மூன்றாம் ராத்திரி
கடைசி ஓட்டம் பாதியில் இருக்க
கரண்ட் போனது.
வந்ததும் ஒன்றிலிருந்து.

விசிறிகள் இரைந்த ஏதோ ஒரு நேரத்தில்
எபனேசர் சொன்னான்:
"போலீஸ் செலக்‌ஷன், நேதாஜி ஸ்டேடியம்.
ஆயிரத்தைந்நூறு மீட்டர்.
மொத பேட்ச் விடியறதுக்குள்ள ஓடி முடிச்சிட்டாங்க.
எங்களைக் கூப்பிடறப்ப பதினொன்றரை."
கொஞ்சம் பொறுத்து,
"நாலு செகண்டு."
கேட்க வாயெடுத்தேன்.
ஓட்டம் முடிந்த பீப் சத்தம் வந்தது.
அவன் எண்ணைக் குறித்துக்கொள்ளப் போய்விட்டான்.

பதினெட்டு எண்களையும் பரப்பிப் பார்த்தோம்.
இரண்டுக்கும் நடுவே ஒரு சதவீதம்கூட இல்லை.
ஒரே சிப், நேற்றைய தன்னோடு இன்று ஓடினாலே
அதைவிட அதிகம் விலகுகிறது.

இம்தியாஸ் பாய் வந்தார். தாளை நீட்டினேன்.
"ஜெயிச்சது எது?"
"உங்க வேலைக்கு ரெண்டும் ஒண்ணுதான் பாய்.
விலை கம்மியானதை வாங்கி
மிச்சத்துல ரூமுக்கு ஏசி போடுங்க."
ஒரு வாரம் காத்திருந்து
மழையில் டிரா ஆன மேட்ச் பார்த்த முகம்.
தாளைத் திருப்பி
பின்பக்கம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார்.
இருபது ஆர்டர் எட்டானது.
பரவாயில்லை என்றேன்,
படிக்கட்டில் அவர் செருப்புச் சத்தம் அடங்கிய பிறகு.

பழைய படத்தைக் கிழிக்கப் போனேன்.
எபனேசர் விடவில்லை.
அதைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான்,
வெப்பமானிக்குப் பக்கத்தில்.
சிவப்புப் பட்டைக்குக் கீழே
பேனாவால் அழுத்தி எழுதியிருக்கிறான்:
ஓடிய நேரம், பகல் இரண்டு.
வெயில், நாற்பத்தொன்று.